பின்வாசல் சாப்பாடு

தலைநகரத்திலிருந்து கரையோரத்துக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பழைய ரோடு. அது பாதி தூரத்திலேயே கடலைப் பிடித்துக்கொள்ளும். சின்னச் சின்ன ஊர்களின் கடைத்தெருக்களுக்குள் புகுந்து, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு போகிற ஆளைப் போல நின்று நின்று போகும். மற்றது புது ரோடு. அது வெறும் பொட்டல் வழியாக நூல் பிடித்த மாதிரி நேரே போகும். இரண்டும் கடைசியில் ஒரே பஸ் நிலையத்துக்குத்தான் வந்து சேரும். எந்த வழியில் போவது என்பதைக் கம்பெனி டிரைவருக்கே விட்டிருந்தது. சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

மணிக்கூண்டு எப்போதும் புது ரோட்டில்தான் போவான். ஆள் நெட்டை என்பதால் பாதி, நேரம் தவறமாட்டான் என்பதால் மீதி, ஆக அந்தப் பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. ஏன் இந்த வழி என்று பயணிகள் யாராவது கேட்டால், "பழைய ரோடு பூரா குண்டும் குழியுங்க. உங்க இடுப்பு கழண்டு கையில வந்துரும்" என்பான். அந்த ரோட்டின் குழிகளையெல்லாம் மூடிப் புதிதாகத் தார் போட்டுவிட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், 'விசில்' என்று பெயர் விழுந்திருந்த கண்டக்டருக்கும் தெரியும். உண்மைக் காரணம் புது ரோட்டின் நடுப்பாதியில் இருந்த ஓட்டல்.

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை வேறு கடை கிடையாது. கரையோர பஸ்கள் எல்லாம் மதியத்தில் அங்கேதான் நிற்கும். நிற்பதற்கு ஒரு முறை இருந்தது. டிரைவரின் கதவு ஓட்டலின் பின்வாசலுக்கு நேராக வரும்படி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பயணிகளை ஒருத்தர் விடாமல் இறக்கிவிட்டு வண்டியைப் பூட்டிவிட வேண்டும். அப்போதுதான் கட்டுச்சோறு கொண்டுவந்தவனும் வேறு வழியின்றி ஓட்டலுக்குள் போவான். பிறகு பின்வாசலில் தொங்குகிற பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் மின்விசிறி, கை கழுவத் தொட்டி, மெத்தை வைத்த நாற்காலி. எதைக் கேட்டாலும் சுடச்சுட வரும். பில் மட்டும் வராது. மணிக்கூண்டு வருஷக்கணக்காக அந்தத் திரை வழியாகவே போய் அந்தத் திரை வழியாகவே வந்துகொண்டிருந்தான். ஓட்டலின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவனை யாரும் கேட்டதும் இல்லை.

அன்று அவனுடைய அக்கா அந்த பஸ்ஸில் ஏறினாள்.

கரையோர ஊரின் ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிற வேலை பார்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றவள் அவள். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்ததும், அவன் லைசென்ஸ் எடுக்கிறவரை சோறு போட்டதும் அந்தத் துடைப்பம்தான். தலைநகரத்தில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். தம்பி ஓட்டுகிற வண்டியில் இதுவரை அவள் ஏறியதில்லை.

"ஏண்டா, இதுதான் உன் வண்டியா? கப்பல் மாதிரி இருக்கே!"

"ஏறுக்கா. முதல் சீட்டு உனக்குத்தான். டிக்கெட்டெல்லாம் வேண்டாம், விசில்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏன், நான் என்ன மூட்டையா முடிச்சா, சும்மா ஏத்திட்டுப் போக? எல்லாரும் வாங்குற மாதிரி நானும் வாங்குறேன்." வாங்கியும்விட்டாள்.

வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் முன்பாதி பஸ்ஸுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் சிறு பெண்குழந்தையோடு உட்கார்ந்திருந்த தாயிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஓட்டுறது யாருன்னு நினைக்கிற? என் தம்பி. மூக்கை ஒழுக்கிக்கிட்டு என் பாவாடையப் பிடிச்சுக்கிட்டே திரிவான். இப்ப பாரு, இத்தனை உசிரும் அவன் கையில."

"அப்ப தைரியமாத் தூங்கலாம்னு சொல்லுங்க" என்றார் பின் சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர்.

"தாராளமாத் தூங்குங்க. அவன் கை அப்படி."

மணிக்கூண்டின் காது மடல் சூடாகியது. நேராக ரோட்டையே பார்த்து ஓட்டினாலும் உதடு தானாக விரிந்துகொண்டது.

"ஏண்டா, கடல் ரோட்டுலயா போறோம்? தண்ணியப் பாத்துக்கிட்டே போலாம்னு ஆசையா வந்தேன்."

"அது குண்டும் குழியும்க்கா. உன் இடுப்பு தாங்காது."

"அதுவும் சரிதான்." அவள் குழந்தையின் தாயிடம் திரும்பினாள். "பாத்தியா? என் இடுப்புக்காகத்தான் இந்த வழியாப் போறான்."

அந்த இடத்தில் மணிக்கூண்டு தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடித்தான்.

மடியிலிருந்த இரண்டு அடுக்கு டிபன் கேரியரை அவள் தட்டிக் காட்டினாள். "மேலடுக்கு எனக்கு, கீழடுக்கு உனக்கு. ரோட்டுல கண்டதையும் தின்னு வயித்தைக் கெடுத்துக்குவ. இன்னிக்கு மதியம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்."

"சரிக்கா."

ஓட்டல் வந்தது. பழகிய கை வண்டியைக் கொண்டுபோய்ப் பின்வாசலுக்கு நேராக நிறுத்தியது. பழகிய வாய்தான் விசிலுக்கும். "வண்டி அரைமணி நேரம் நிக்கும்! எல்லாரும் இறங்கிக்கோங்க! வண்டியப் பூட்டிருவோம்!"

அக்கா கேரியரோடு இறங்கி, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கடா உக்காரலாம்?"

"நீ உள்ள போய் உக்காருக்கா. டயரப் பாக்கணும், ஆபீசுக்கு ஒரு போன் பேசணும். இதோ வந்துர்றேன்."

உள்ளே போய், இன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம், அக்கா வந்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும் என்றுதான் அவன் நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான். ஆனால் திரையை விலக்கியபோது தட்டு போட்டாகிவிட்டிருந்தது. இன்னொரு பஸ்ஸின் தொப்பை டிரைவர் ஏற்கெனவே பாதி சாப்பாட்டில் இருந்தார். ஓட்டல் முதலாளி தன் கையாலேயே ஒரு பெரிய மீன் துண்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"உங்களுக்குன்னு எடுத்து வெச்சதுண்ணே. வேற யார் கேட்டும் கொடுக்கல."

அப்படிச் சொன்ன பிறகு எழுந்திருப்பது எப்படி? ஒரு வாய் தின்றுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தான். மீனும் நன்றாகத்தான் இருந்தது.

அப்போது சப்ளையர் ஒருவன் காலி வாளியோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, கைகழுவும் தொட்டிக் குழாயைத் திறந்து வாளியைப் பிடித்தான்.

"வெளிய ஒரு அம்மா பண்ற கூத்தை வந்து பாருங்க முதலாளி. லேடீஸ் கக்கூஸை எட்டிப் பாத்துட்டு வந்து, 'தொடப்பம் எங்க, தண்ணி எங்க'ன்னு கேட்டு, சேலையத் தூக்கிச் சொருகிட்டு நிக்குது. முன்பக்கக் குழாய்ல தண்ணி வராதும்மான்னு சொன்னா, 'அப்ப வர்ற இடத்துலேருந்து கொண்டா'ங்குது. தானே கழுவப் போகுதாம்!"

தொப்பை டிரைவர் வாயில் சோற்றோடு குலுங்கினார். "சும்மா கிடைச்ச ஆளு முதலாளி. விட்டுராதீங்க. வேலைக்குப் போட்ருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மணிக்கூண்டும் சிரித்தான். யாரென்று மனசுக்குத் தெரிந்துபோன பிறகுதான் சிரித்தான். வாய் அவனைக் கேட்காமலே ஊரோடு சேர்ந்துகொண்டது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த விசில் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

தொட்டிக்கு மேலே கம்பிவலை போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோய் மணிக்கூண்டு அதன் வழியே பார்த்தான். ஓட்டலின் முன்பக்கத்தை அன்றுதான் பார்த்தான். நிரம்பி வழிகிற குப்பைத் தொட்டியைச் சுற்றி ஈக்கள் மொய்த்தன. உட்கார இடமில்லாமல் தட்டை ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு திசையில் பார்த்து மென்றார்கள். சுவரில் 'வெளி உணவு இங்கே சாப்பிடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. அதற்குக் கீழே தரையில் அக்காவின் டிபன் கேரியர். கக்கூஸ் வாசலில் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே, ஆஸ்பத்திரியில் அவள் கழுவி அவன் பார்த்திருக்கிற அதே பழக்கத்தில், மூலையிலிருந்து வாசலை நோக்கித் துடைப்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள் அக்கா.

வேறு பஸ்ஸில் வந்த ஒரு பெண் அவளிடம் எரிந்து விழுந்தாள். "ஏம்மா, இதையெல்லாம் பஸ் வர்றதுக்கு முன்னாடியே கழுவி வெக்க மாட்டியா? சும்மாவா சம்பளம் குடுக்குறாங்க?"

"இதோ ஆச்சும்மா. வழுக்கும், பாத்துப் போ" என்றாள் அக்கா.

வெளியே போய் அந்தத் துடைப்பத்தைப் பிடுங்க வேண்டும். இது என் அக்கா என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அதற்கு என்ன, நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் அந்த நாலு எட்டு வைத்தால், கையில் மீன் வாசனையோடு எங்கிருந்து வருகிறான் என்பது வெளியே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். சிரித்த ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது? அவன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று மீனையும் தின்று முடித்தான்.

கடைசி வாய் தொண்டையில் இறங்கும்போது திரை விலகியது. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் போகிறவள் இல்லை அக்கா. கழுவிக் கவிழ்த்த வாளியோடு நின்றாள். சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

"தம்பி, இந்தா உன் வா..." என்று சப்ளையரிடம் சொல்லிக்கொண்டே வந்தவள், மெத்தை நாற்காலியைப் பார்த்தாள். அதில் இருந்தவனைப் பார்த்தாள். தட்டில் இருந்த முள்ளையும் பார்த்தாள்.

"அம்மா, இங்கெல்லாம் வரக் கூடாது" என்றார் முதலாளி. "டிரைவருங்க சாப்பிடுற இடம்."

"தெரியாம வந்துட்டேங்க. மன்னிச்சிருங்க."

வாளியை ஓசையில்லாமல் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அந்த அம்மா உங்க வண்டியாண்ணே?" என்று முதலாளி கேட்டார்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தது மணிக்கூண்டுக்கு. "ம்" என்றான். பிறகு, அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, "யாரோ பாசஞ்சர்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

சொல்லிவிட்டுத் தலை குனிந்தபோதுதான் பார்த்தான். திரைக்குக் கீழே, வாசற்படியில், ஈரப் பாதங்கள் இரண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தன. செருப்பு மாட்டிக்கொள்ள நின்றிருப்பாள். ஒரு கால் செருப்பைத் தேடியது, மாட்டிக்கொண்டது. பிறகு அடுத்த கால். பிறகு திரைக்குக் கீழே வெறும் வெயில்தான் இருந்தது.

வண்டி கிளம்பியபோது முதல் சீட்டு காலியாக இருந்தது. கண்ணாடியில் தேடினான். அக்கா கடைசி வரிசைக்கு முன்னால், ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருந்தாள். குழந்தையும் தாயும் அவளோடு போயிருந்தார்கள். கேரியர் திறக்கப்படாமல் மடியில் இருந்தது.

"டிரைவர்!" என்று கறுப்புக் கண்ணாடிக்காரர் குரல் கொடுத்தார். "சாப்பாடெல்லாம் ஆச்சா? எங்களுக்குப் போட்ட மீனு போன வாரம் செத்ததுங்க. உங்களுது இன்னிக்குச் செத்ததாமே?"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஓட்டலில் சிரித்த சிரிப்பு இல்லை இது.

"அம்மா, உங்க தம்பிதானே? நீங்களே கேளுங்களேன்."

அக்காவின் குரல் பின்னாலிருந்து நிதானமாக வந்தது. "வண்டி ஓடுறப்ப டிரைவர்கிட்டப் பேசக் கூடாதுங்க. மேல எழுதிப் போட்டிருக்கு பாருங்க."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. சின்ன வயதில் திட்டுவாள், இரண்டு போடுவாள், அதற்குள் சோறு பிசைந்து வைத்திருப்பாள். திட்டுக்காக முதுகு காத்துக்கொண்டே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரே அமளி. ஓட்டலில் வாங்கிக் கொடுத்த முட்டை குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சட்டை, சீட்டு எல்லாம் வாந்தி. தாய் அழாத குறை. அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்து வந்தாள். அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"டிரைவர்" என்றாள். "குழந்தைக்கு முடியல. தண்ணி இருக்குற இடமாப் பாத்துக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்துங்க. பிறந்ததிலிருந்து அவனை 'டா' போடாமல் அவள் கூப்பிட்டதில்லை. அவன் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றபோதுகூட எல்லோர் முன்னாலும் 'நேரா நில்லுடா' என்றவள். அந்த 'ங்க' காதுக்குள் போய்க் குத்திக்கொண்டு நின்றது.

"இந்த ரோட்டுல கடைசிவரைக்கும் ஒண்ணும் கிடையாதுண்ணே" என்றான் விசில் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "முன்னாடி ஒரு குறுக்கு ரோடு இருக்கு" என்றான்.

மணிக்கூண்டு குறுக்கு ரோட்டில் வண்டியைத் திருப்பினான். அது போய்ப் பழைய ரோட்டில் முட்டியது.

ரோடு சிலேட்டுப் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு குலுக்கல் இல்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஜன்னல் வழியே குனிந்து ரோட்டைப் பார்த்தார்கள். குழியாவது ஒன்று வரக் கூடாதா என்று மணிக்கூண்டு மனசுக்குள் வேண்டிக்கொண்டான். வரவில்லை. இடதுபக்கம் கடல்தான் வந்தது. பளபளவென்று, கேட்பாரற்று, வெகுதூரத்துக்குக் கிடந்தது.

"குண்டும் குழியும்னு சொன்னாங்க" என்றாள் அக்கா, யாரிடமும் இல்லாமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கையில் இப்போது சோறும் இல்லை. கறுப்புக் கண்ணாடிக்காரர்கூடக் கேலி செய்யாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்டுவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

முதலில் வந்த சின்ன ஊரின் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. பக்கத்தில் தெருக்குழாய், அதற்குப் பின்னால் சுத்தமாகக் கழுவி விட்ட ஒரு கழிப்பறை. மணிக்கூண்டு நிறுத்தினான். "வண்டியப் பூட்டாதே" என்று விசிலிடம் சொன்னான்.

அக்கா குழந்தையைக் குழாயடிக்குக் கொண்டுபோய் முகம் கழுவி, சட்டை மாற்றி, கடை பெஞ்சில் உட்காரவைத்தாள். குழந்தை கொஞ்சம் தெளிந்து சிரித்ததும் கேரியரைத் திறந்தாள். மேலடுக்கைத் தாயிடம் கொடுத்தாள். கீழடுக்கைத் தானே பிசைந்து குழந்தைக்கு ஊட்டினாள். மணிக்கூண்டு வண்டியிலிருந்து இறங்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்கில் இருந்ததே இரண்டு பேர் சாப்பாடு. ஆக, அவள் இன்னும் சாப்பிடவில்லை.

மற்றவர்கள் டீக்கு வரிசையில் நின்றார்கள். பெரிய பஸ் ஒன்று தன் வாசலில் நிற்பதைப் பார்த்து வெகுகாலம் ஆன கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டிரைவர் இறங்கி வருவதைக் கண்டதும் டவலால் ஒரு நாற்காலியைத் தட்டினார்.

"டிரைவர் சார்! வெளிய நிக்கிறீங்களே, உள்ள வாங்க. உங்களுக்குத் தனியா ஸ்ட்ராங்காப் போட்டுத் தர்றேன். காசெல்லாம் பேச்சே இல்ல. நீங்க தினம் இந்தப் பக்கமா வந்தாப் போதும்!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெஞ்சில் ஊட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அக்காவும் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை. ஒரு வார்டைத் தாண்டும்போது, கழுவினார்களா இல்லையா என்று எட்டிப் பார்க்கிற பார்வை அது.

மணிக்கூண்டு வரிசைப் பக்கம் நகர்ந்தான். "இல்லண்ணே. நான் இங்கயே நிக்கிறேன்."

"எங்க நிக்கிறீங்க?" என்றார் கறுப்புக் கண்ணாடிக்காரர். "எனக்கு முன்னாடியா? பின்னாடி போங்க. வரிசை அங்க முடியுது."

யாரும் வழிவிடவில்லை. அவன் கடைசி ஆளாகப் போய் நின்றான். அவ்வளவு உயரத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முன்னால் நின்ற ஒவ்வொருவரும் டீயை வாங்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போகும்போது அவன் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டான். விசில் வந்து, "அண்ணே, இன்னிக்கு லேட்டுதான்" என்றான். அவன் வரிசையோடு ஒரு எட்டு முன்னால் நகர்ந்தான்.

அவன் முறை வந்தபோது கண்ணாடி ஜாடியில் ஒரே ஒரு பன்தான் மீதி இருந்தது. டீயையும் பன்னையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். நீட்டினான்.

"நீ சாப்பிடலியேக்கா."

அவள் டீயை வாங்கினாள். பன்னையும் வாங்கினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, கடலின் பக்கம் பார்த்தாள். பிறகு காலியான கேரியரை எடுத்து, பிசுக்கு ஒட்டிய இரண்டு அடுக்கையும் அவன் கையில் திணித்தாள்.

"கழுவிட்டு வாடா."

அவன் குழாயடிக்குப் போய்க் குந்தினான். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மேலடுக்கை முதலில் கழுவினான். பிறகு கீழடுக்கு. மூலையில் ஒட்டியிருந்த பருக்கை விரலுக்கு வரவில்லை. பின்னால் வண்டி நிரம்பிவிட்டது, எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது முதுகுக்குத் தெரிந்தது. விசில் ஒருமுறை ஊதினான். மணிக்கூண்டு எழுந்திருக்கவில்லை. கீழே கிடந்த தேங்காய் நாரில் கொஞ்சம் பிய்த்து எடுத்து, மண்ணில் தொட்டு, அந்த மூலையை இன்னொரு தடவை தேய்க்க ஆரம்பித்தான்.